மனச்சாட்சியுள்ள நீச்சல்குளம்

நீதியில் நாட்டமுள்ள நல்லோரே, நெருங்கி வாருங்கள். சாட்சி சொல்ல ஆள் தேவைப்படுகிறது! அமெரிக்க நாட்டின் ஒகையோ மாநிலத்தில் மேப்பிள் ஹாலோ என்றொரு குடியிருப்பு. நூற்றுப் பன்னிரண்டு வீடுகள், ஒரு நீச்சல்குளம், ஒரு குடியிருப்போர் சங்கம். நிறவெறி என்னும் நச்சுமரத்தை ஒரே கோடையில், ஒன்பதே கூட்டங்களில், ஒருவர் மனமும் நோகாமல் வெட்டி வீழ்த்திய வீர வரலாறு அந்தச் சங்கத்துக்கு மட்டுமே உரியது. நோகாத மனங்களின் பட்டியலில் வெர்டீன் டாலிவர் பெயர் இல்லை. அதை அச்சுப்பிழை என்று கொள்க.

வெர்டீன், முப்பத்தோராண்டுகள் பள்ளிப் பேருந்து ஓட்டி ஓய்வுபெற்ற கறுப்பினப் பெண்மணி. மே மாதத்தில் அவருடைய வலது முழங்காலில் அறுவை சிகிச்சை நடந்தது. "தினமும் அரைமணி நேரம் மார்பளவு தண்ணியில நடங்க. இந்தக் கோடைக்குள்ள முழங்கால் மடங்கப் பழகலைன்னா, அப்புறம் கைத்தடிதான்" என்றார் மருத்துவர். ஜூன் மாத முதல் திங்களன்று வெர்டீன் குளத்துக்குப் போனார். நுழைவு அட்டையைக் காட்டினார், கதவு திறந்தது. குளக்கரையில் சாய்ந்து கிடந்த டோரீன் காஸ்ட்னர் என்னும் வெள்ளைக்கார அம்மையாரின் மனந்தான் திறக்கவில்லை.

"யாருங்க நீங்க? இது இங்க குடியிருக்கிறவங்களுக்கான குளம்."

"நானும் இங்கதாங்க குடியிருக்கேன். உங்க வீட்டுக்கு நேர் பின்னாடி. போன வருஷம் உங்க நாய் என் தக்காளிச் செடியைத் தோண்டிப் போட்டுச்சு, நீங்க வந்து மன்னிப்புக் கேட்டீங்களே?"

"அப்ப நீங்க தொப்பி போட்டிருந்தீங்க" என்றார் டோரீன். கைப்பேசியை எடுத்தார்.

போலீஸ் வந்தது, இரண்டு வண்டிகளில் வந்தது. அட்டையைப் பார்த்தது, முகத்தைப் பார்த்தது, மறுபடியும் அட்டையைப் பார்த்தது. நீச்சலுடையில் சொட்டச் சொட்ட நின்ற பெண்மணியிடம், "ஆயுதம் ஏதாச்சும் வச்சிருக்கீங்களா?" என்று கேட்டது. "முழங்காலுக்குள்ள கொஞ்சம் இரும்பு வச்சிருக்கேன், பிடுங்கிக்கிறீங்களா?" என்ற பதில் நாக்கின் நுனிவரை வந்தது. வெர்டீன் அதை விழுங்கினார். அந்த நாட்டில் அவர் இத்தனை வயதுவரை உயிரோடு இருப்பது இப்படி விழுங்கிய பதில்களால்தான்.

மறுநாளே சங்கம் விழித்துக்கொண்டது. என்னே வேகம்! "இந்த வருந்தத்தக்க நிகழ்வு குறித்து முழுமையான விசாரணை முடியும்வரை, தங்கள் சொந்தப் பாதுகாப்பை முன்னிட்டு, தங்கள் நுழைவு அட்டை 'தற்காலிகமாக' நிறுத்திவைக்கப்படுகிறது" என்று மடல் வந்தது. போலீஸை அழைத்த டோரீனின் அட்டை நிறுத்தப்படவில்லை. அவர் ஏற்கெனவே அதிர்ச்சியில் இருந்தார்.

பிறகு தொடங்கின, கூட்டங்கள். சங்கத்தில் இரண்டு தத்துவங்கள் இருந்தன. முதலாவது, தலைவர் கிரேக் லிண்ட்க்விஸ்டின் தத்துவம்.

"எனக்கு நிறமே தெரியாதுங்க, வெர்டீன். நீங்க கறுப்பா, பச்சையா, ஊதாவான்னு நான் பார்த்ததே இல்ல."

"பச்சையா ஒருத்தர் குளத்துல இறங்கினா, பார்த்துத்தான் வைங்களேன்" என்றார் வெர்டீன்.

இரண்டாவது, பெய்ஜ் ஹார்ட்வெல்லின் தத்துவம். வீட்டின் முன்புல்வெளியில் 'வெறுப்புக்கு இங்கே இடமில்லை' என்று பலகை நட்டவர் அவர். "நிறத்தைப் பார்க்கணும், கிரேக்! பார்த்து, வெட்கப்பட்டு, அழணும்!" என்று முழங்கினார். நிறத்தைப் பார்க்காதவர்களும் பார்த்தவர்களும் ஏழு கூட்டங்கள் மோதினார்கள். இரு தரப்பும் ஒரே மனதாக ஒத்துப்போன பொருள் ஒன்றே ஒன்று: அட்டையைப் பற்றி இப்போது பேசுவது அவசரப்படுவதாகும்.

நான்காம் கூட்டத்தில் எல்லோரும் வட்டமாக அமர்ந்தார்கள். வெர்டீன் தம் வேதனையை இருபது நிமிடம் எடுத்துச் சொல்ல வேண்டும் என்றார்கள். சொன்னார். நாற்பது பேர் அழுதார்கள். டோரீன்தான் அதிகம் அழுதார். இரண்டு பேர் அவரைத் தாங்கிப் பிடித்தார்கள். "ரொம்ப நன்றி வெர்டீன், மனசே லேசாயிடுச்சு" என்று பெய்ஜ் கட்டிக்கொண்டார். வெர்டீனின் முழங்கால் மட்டும் கனத்தது.

அன்று வீடு திரும்பியதும் கிளீவ்லாந்திலிருந்து தங்கை ஒனிட்டா அழைத்தாள்.

"என்னக்கா, கார்டு குடுத்தாங்களா?"

"உருளைக்கிழங்கு சாலட் குடுத்தாங்க."

"உலர்ந்த திராட்சை போட்டா?"

"போட்டுத்தான்."

"நம்ம ஆளுங்க யாரும் அந்த சாலட்ல திராட்சை போடுவாங்களா? வெள்ளைக்காரங்கதான் போடுவாங்க. அப்ப இவங்க திருந்த இன்னும் நூறு வருஷம் ஆகும். பேசாம இங்க வந்துடுக்கா. எங்க தெருக் குளத்துல உன்னைப் பார்த்து யாரும் போலீஸைக் கூப்பிட மாட்டாங்க."

"உங்க தெருக் குளத்துல தண்ணி இருக்காடி?"

"அதுவா? மூணு வருஷமா இல்ல. நகராட்சி குழு போட்டிருக்கு."

ஆகஸ்டு கடைசி வியாழனன்று ஒன்பதாம் கூட்டம், வெற்றிவிழாக் கூட்டம். அடுத்த திங்கட்கிழமை, அந்நாட்டில் செப்டம்பரில் வரும் தொழிலாளர் தினம். அத்துடன் அவ்வாண்டுக்குக் குளம் மூடப்படும். லிண்ட்க்விஸ்ட் கம்பீரமாக எழுந்தார். குளத்துச் சுவரில் ஏழு வண்ணக் கைகள் கோத்த ஓவியம் தீட்டப்படும். குளக்கரையில் 'வெர்டீன் டாலிவர் நல்லிணக்க இருக்கை' நிறுவப்படும். கரவொலி கூரையைப் பிளந்தது.

"அந்த இருக்கை வேலிக்கு உள்ளயா, வெளியயா?" என்று கேட்டார் வெர்டீன்.

"உள்ளதான்."

"அப்ப நான் அதுல எப்படி உக்கார்றது?"

"அதைப் பத்தி ஒரு துணைக்குழு யோசிக்குதுங்க."

வெர்டீன் நாற்காலியின் கையைப் பற்றி எழுந்தார். முழங்கால் நொடித்தது; முகம் நொடிக்கவில்லை.

"எனக்கு நடந்தது தப்புன்னு நினைக்கிறவங்க கையைத் தூக்குங்க."

அறுபத்து மூன்று பேர் கையைத் தூக்கினார்கள். பெய்ஜ் இரண்டையும் தூக்கினார்.

"ரொம்ப சந்தோஷம். இப்ப உங்க கார்டைத் திருப்பிப் படிங்க. ஒரு கார்டுக்கு ரெண்டு விருந்தாளியைக் கூட்டிட்டுப் போலாம்னு இருக்கும். எனக்கு இன்னைக்குத்தான் தெரியும். உங்க கையில கோடை பூரா இருந்திருக்கு. துணைக்குழு வேணாம், தீர்மானம் வேணாம். சொந்தக் குளத்துக்கு விருந்தாளியா வரவும் நான் தயார். நாளைக்குக் காலையில பத்து மணிக்கு யார் என்னை உள்ள கூட்டிட்டுப் போறீங்க? அரை மணி நேரந்தான்."

கைகள் மெல்ல மெல்ல இறங்கின.

"ஒருத்தரை மட்டும் கூட்டிட்டுப் போனா, அது நிறம் பார்க்கிற மாதிரி ஆயிடுமே" என்றார் லிண்ட்க்விஸ்ட்.

"உங்க போராட்டத்தை நான் தட்டிப் பறிச்ச மாதிரி ஆயிடுமே" என்றார் பெய்ஜ்.

"எனக்கு நாளைக்குப் பல் டாக்டர்" என்றார் டோரீன். அந்தக் கூட்டத்தில் பேசப்பட்ட ஒரே நேர்மையான சொல் அதுதான்.

'கூட்டம் மனநிறைவுடன் கலைந்தது' என்று குறிப்பேட்டில் பதிந்தார்கள். செவ்வாயன்று குளத்து நீரை இறைத்தார்கள். வெர்டீன் கைத்தடி வாங்கினார்.

கேட்டீர்களா, நல்லோரே? கதவைச் சாத்தியவர் ஒரே ஒரு டோரீன். அதைச் சாத்தியபடியே கோடை முழுவதும் காவல் காத்தவர்கள், நான் இவ்வளவு நேரம் புகழ்ந்த அந்த அறுபத்து மூன்று நல்லவர்கள். கண்ணீர் விட்டபடியே காத்தார்கள். ஆகையால் அவர்கள் கைமீது கறை தெரியவில்லை. நீங்களும் நல்லவர்கள்தாம் என்று கேள்விப்படுகிறேன். உங்கள் சட்டைப் பையிலும் ஏதோ ஒரு கதவின் அட்டை இருக்கிறது. எடுங்கள் அதை! வெளியே நிற்பவரை அழைத்துக்கொண்டு உள்ளே நடங்கள்! இன்றே, இப்போதே! கைதட்டுவதற்காக நிற்காதீர்கள், நின்றால், அறுபத்து நான்காவது ஆள் நீங்கள்.