கைவிடும் விழா

உங்கள் தெருவில் யாருக்கும் பயன்படாத பாழடைந்த கட்டடம் ஏதாவது இருக்கிறதா? இருந்தால் தயவுசெய்து அதை இளக்காரமாகப் பார்க்காதீர்கள். முறைப்படி கைவிடப்பட்ட கட்டடம் என்பது லேசில் கிடைக்கிற பொருள் இல்லை. அதற்கு விண்ணப்பம், விசாரணை, விழா, மைக் செட் எல்லாம் வேண்டும். ஊரப்பாக்கத்தில் எங்கள் தெருவுக்கு அப்படி ஒன்று வாய்த்த விதத்தை, பின்னால் வருகிறவர்களுக்கு வழிகாட்டியாக இருக்கட்டும் என்று எழுதி வைக்கிறேன்.

எங்கள் வீட்டு மாடியில் டெனிஸ், மொஹ்சின் என்று இரண்டு பையன்கள் வாடகைக்கு இருந்தார்கள். கம்ப்யூட்டர் கம்பெனி வேலை. வாரம் முழுக்க ஏசியில் உட்கார்ந்துவிட்டு, சனி ஞாயிறு வந்தால் என்ன செய்வதென்று தெரியாமல் தவிக்கிற ஜாதி. முதலில் கிடார் வாங்கினார்கள். தெரு தாங்கிக்கொண்டது. அப்புறம் சைக்கிள் வாங்கி வண்டலூர் வரைக்கும் மிதித்துப் போய், தங்களையும் சைக்கிளையும் ஒரு மினி லாரியில் ஏற்றிக்கொண்டு திரும்பி வந்தார்கள். 2007-ல் மழைக்காலம் முடிந்த கையோடு மூன்றாவது பொழுதுபோக்கு வந்து இறங்கியது. கைவிடப்பட்ட கட்டடங்களுக்குள் நுழைந்து சுற்றிப் பார்ப்பது.

“பார்த்து?” என்றேன்.

“போட்டோ எடுக்கணும்க்கா” என்றான் டெனிஸ்.

“எடுத்து?”

“ஆர்குட்ல போடணும்.”

“போட்டு?”

“அமெரிக்காவுல எல்லாரும் பண்றாங்கக்கா” என்றான். அதற்கு மேல் கேட்டால் நம்மைப் பட்டிக்காடு என்பார்கள். நான் பட்டிக்காடுதான் என்றாலும், அதை அடுத்தவர் சொல்வானேன் என்று விட்டுவிட்டேன்.

புதிதாக ஆரம்பிப்பவர்களுக்கான விதிகளை பிரவுசிங் சென்டரில் பிரிண்ட் எடுத்து வைத்திருந்தார்கள். கனமான ஷூ போடணும். டார்ச் வேணும். தனியாகப் போகக் கூடாது. எதையும் தொடக் கூடாது, எடுக்கக் கூடாது. உரியவர்களிடம் அனுமதி வாங்க வேண்டும். சின்ன வயதில் நாங்கள் முள் வெட்டப் போனபோது எங்கள் அம்மா சொன்னதும் இதேதான். அவர் இங்கிலீஷில் சொல்லாததால் அது பொழுதுபோக்காகவில்லை.

பையன்களுக்கு ஏற்ற கட்டடம் எங்கள் வீட்டுக்கு எதிரிலேயே இருந்தது. துணை சுகாதார நிலையம். கட்டி, சுண்ணாம்பு அடித்து, வாசலில் ரிப்பன் கூடக் கட்டியாகிவிட்டது. திறந்து வைக்க வேண்டிய பிரமுகர் அன்றைக்கு வரவில்லை. அடுத்த தேதி குறித்தார்கள், தேர்தல் வந்தது. தேர்தல் முடிந்தது, பிரமுகர் மாறிப்போனார். புதுப் பிரமுகருக்காகக் கல்வெட்டை மாற்றினார்கள், அவருக்கு வேறு துறை கொடுத்துவிட்டார்கள். இனி வீண்செலவு கூடாது என்று, ‘திறந்து வைத்தவர்’ என்பதற்குப் பக்கத்தில் மட்டும் வெறும் இடம் விட்டு மற்றதையெல்லாம் அழகாகச் செதுக்கிவிட்டார்கள். கல்வெட்டின் மேல் போட்டிருந்த திரையை ஆடு தின்றுவிட்டது.

அதனால் சுகாதார நிலையம் இருந்தும் சுகாதாரம் டீக்கடை பெஞ்சில் நடந்தது. ரத்தினபாய் சிஸ்டர் மாதம் ஒரு புதன்கிழமை ஐஸ் பெட்டியோடு வந்து, அங்கே உட்கார்ந்து குழந்தைகளுக்குத் தடுப்பூசி போடுவார். குழந்தைகள் அலறுகிற அலறலில் ஜனங்கள் பாதி டீயை வைத்துவிட்டு ஓடுகிறார்கள் என்று கடைக்காரர் கையெடுத்துக் கும்பிட்டார். அதோடு அதுவும் நின்றது. பிறகு தாம்பரம்தான். என் மகளின் முதல் ஊசிக்கு, ஆபீஸ் நேரத்து மின்சார ரயிலில் கைக்குழந்தையோடு போனேன். இறங்கும்போது பாப்பாவின் ஒரு சாக்ஸும் என் ஒரு செருப்பும் ரயிலோடேயே பட்டணத்துக்குப் போய்விட்டன. ஊசி போட்டுத் திரும்பும்போது அவளுக்குக் காய்ச்சல், எனக்கு அழுகை. இரண்டாவது ஊசிக்கு நாள் நெருங்கிக்கொண்டிருந்தது. மறுபடி அந்த ரயிலை நினைத்தால் எனக்குச் சோறு இறங்கவில்லை. எதிரிலேயே ஆஸ்பத்திரி நிற்கிறது. அதைத் திறக்கச் சொல்லி தெரு முழுக்கக் கையெழுத்துப் போட்டு அனுப்பிய மனுக்கள் எல்லாம் ‘பரிசீலனையில்’ சௌக்கியமாக இருந்தன.

இந்த நிலையில்தான் டெனிஸ், உள்ளே பாம்பு இருக்குமா அக்கா என்று கேட்டு வந்து நின்றான். தனியாகப் போகக் கூடாது என்ற விதிப்படி நானும் துணைக்குப் போனேன். ஒரு கையில் பாப்பா, இன்னொரு கையில் துடைப்பம். வெளுத்துப்போய் பேண்டேஜ் துணி மாதிரி ஆகியிருந்த ரிப்பனுக்குக் கீழே குனிந்து நுழைந்தோம். உள்ளே பிளாஸ்டிக் உறை பிரிக்காத மேஜை, குழந்தை எடை பார்க்கும் தராசு, அட்டைப்பெட்டியோடு ஃபிரிட்ஜ். அதன் மேல் ஒரு கோழி. மொஹ்சின் சிலிர்த்துப்போய் கேமராவை எடுத்தான். பிள்ளை இருக்கிற இடத்தில் குப்பை இருக்கலாமா என்று நான் பாட்டுக்குக் கூட்ட ஆரம்பித்தேன். ஒரு மூலையை முடிக்கிறதுக்குள் டெனிஸ் ஓடி வந்து துடைப்பத்தைப் பிடித்துக்கொண்டான்.

“அக்கா, அது ஒட்டடை இல்லக்கா. அட்மாஸ்பியர்.”

வாடகை ஒழுங்காகக் கொடுக்கிற பையன். அட்மாஸ்பியரை அப்படியே விட்டுவிட்டு வந்தேன்.

அனுமதி வாங்க வேண்டும் என்ற விதி பாக்கி இருந்தது. அதை நான்தான் பிடித்துக்கொண்டேன். யாராவது ஓர் அதிகாரி அந்தக் கட்டடத்தைப் பற்றி ஒரு தடவை வாயைத் திறந்து பேசினால்கூடப் போதும் என்று எனக்கு ஆசை. தாம்பரத்தில் பொதுக் கட்டடங்கள் பிரிவு என்று ஒன்று இருந்தது. அங்கே ஸ்ரீநிவாசராகவன் என்பவர் அதிகாரி. நல்ல மனிதர். உட்காரச் சொன்னார், நாற்காலிதான் இல்லை.

விண்ணப்பத்தைப் படித்துவிட்டு, உள்ளே போவதன் நோக்கம் என்ன என்று கேட்டார். சும்மா பார்க்க என்றான் டெனிஸ். சும்மா என்று ஒரு தலைப்பே கிடையாதே என்று வருத்தப்பட்டார். பிறகு கோப்பைப் புரட்டி மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார்.

“கைவிடப்பட்ட கட்டடம்னு போட்டிருக்கீங்க. இது கைவிடப்படலையே.”

“உள்ள கோழி முட்டை போடுது சார்” என்றேன்.

“போடட்டும். இது இன்னும் திறக்கவே இல்லைம்மா. திறந்து, பயன்படுத்தி, அதுக்கப்புறம் விட்டாத்தான் அது கைவிடறது. கல்யாணமே ஆகாதவனுக்கு விவாகரத்து குடுக்க முடியுமோ?”

நியாயம்தான். திரும்பி வந்தோம்.

அந்த வாரம் மொஹ்சின் எடுத்த கோழிப் படம் ஓர் இங்கிலீஷ் பேப்பரின் ஞாயிறு இணைப்பில் வந்துவிட்டது. கோழியின் கண்ணில் நகரத்தின் வெறுமை தெரிவதாக எழுதியிருந்தார்கள். அது அடைகாத்துக்கொண்டிருந்தது, பாவம். அவ்வளவுதான், பொழுதுபோக்கு ஃபேஷனாகிவிட்டது. ஞாயிற்றுக்கிழமை காரில் வந்து இறங்குகிறார்கள். முட்டியில் கிழிந்த பேண்ட் போட்டுக்கொண்டு, இடிந்த சுவரின் முன்னால் சோகமாக நின்று படம் எடுத்துக்கொள்கிறார்கள். ஓர் அம்மாள் என் வீட்டுச் சுவரையே தடவிப் பார்த்து, எவ்வளவு இயல்பாகப் பாழடைந்திருக்கிறது என்று பாராட்டினார். போன தீபாவளிக்குத்தான் பெயிண்ட் அடித்தோம். எங்கள் வீட்டுக்காரர் பெயிண்ட் வாங்கிய பில்லைத் தேட ஆரம்பித்தார்.

ஃபேஷன் மேலிடம் வரை போயிற்று. ‘கைவிடப்பட்ட கட்டடச் சுற்றுலா’வை ஊக்குவிக்கும் பொருட்டு, ஒவ்வொரு வட்டத்திலும் தலா ஒரு கைவிடப்பட்ட கட்டடத்தை மாத இறுதிக்குள் கண்டறிந்து அறிக்கை அனுப்புமாறு சுற்றறிக்கை வந்தது. ஸ்ரீநிவாசராகவன் தன் வட்டம் முழுக்கத் தேடினார். ஒன்றுகூட இல்லை. கூரை இல்லாததும், சுவர் இல்லாததும், கட்டவே கட்டாததும் உட்பட எல்லாமே காகிதத்தில் நல்ல நிலையில் பயன்பாட்டில் இருந்தன. மனிதர் ஜீப்பை எடுத்துக்கொண்டு நேரே எங்கள் தெருவுக்கு வந்தார். முகத்தைப் பார்க்கவே பாவமாக இருந்தது. தண்ணீர் கொடுத்தேன்.

“ஒரே ஒரு கட்டடம் கைவிடப்பட்டிருந்தா நான் பொழைச்சுப்பேம்மா” என்றார்.

அன்று சமைத்துக்கொண்டிருந்த ஞாபகத்தில், குழம்பை இறக்கி வைத்துவிட்டு ரசத்தை ஏற்றுகிற மாதிரி எனக்கு ஒன்று தோன்றியது. “எதிர்ல இருக்கிறதையே திறந்துட்டுக் கைவிடுங்க சார். காலையில பத்து மணிக்குத் திறங்க, பதினோரு மணிக்குக் கைவிடுங்க.”

விரல் விட்டு விதிகளை எண்ணிப் பார்த்தார். திறப்புக்கும் கைவிடுதலுக்கும் நடுவே இவ்வளவு காலம் கழிய வேண்டும் என்று விதியில் எங்கேயும் இல்லை என்றார். பிறகு மறுபடி வாடினார். “பயன்பாட்டுல இருந்ததுன்னு காட்டணுமே. பயனாளிகள் வேணுமே.”

“எங்க தெருவுல குழந்தைக்கா சார் பஞ்சம்? சிஸ்டரை மட்டும் வரச் சொல்லுங்க.”

நாங்கள் வருஷக்கணக்கில் கேட்டும் வராத கரண்ட், கைவிடுவதற்கு என்றதும் ஒரே நாளில் வந்தது. குழாய் வந்தது. சுண்ணாம்பு அடித்தார்கள். கோழிக்கு மட்டும் முன்னறிவிப்புத் தரப்படவில்லை. பளிச்சென்று ஆகிவிட்ட சுவரைப் பார்த்து டெனிஸ் நொந்துபோனான். இதையா வந்து பார்ப்பாங்க சார் என்று கேட்டான்.

“கவலைப்படாதே தம்பி. நாங்க பொறுப்பு எடுத்துண்டா தானாப் பழசாயிடும். அதுல எங்க துறைக்கு நல்ல அனுபவம்” என்று அதிகாரி அவனைத் தேற்றினார்.

விழா நாளில் பந்தலில் இரண்டு பேனர் கட்டியிருந்தார்கள். இடப்பக்கம் ‘திறப்பு விழா’, வலப்பக்கம் ‘கைவிடும் விழா’, நடுவில் சுண்டல். ஒரு மணி நேரம் மட்டுமே திறந்திருக்கப் போகிற கட்டடத்துக்குப் பெரிய மனிதர்களைத் தொந்தரவு செய்ய வேண்டாம் என்று அதிகாரியே ரிப்பனை வெட்டினார். அந்த ஒரு மணி நேரம் போல ஓர் ஆஸ்பத்திரியை நான் பார்த்ததில்லை. ஃபேன் சுற்றியது. ஃபிரிட்ஜ் உறுமியது. ரத்தினபாய் சிஸ்டர் நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்து, “பெஞ்சுல ஒக்காந்து ஒக்காந்து, சாய இடம் இருக்கிறதே மறந்து போச்சு மக்களே” என்றபடி ஊசி போட்டார். குழந்தைகள் அலறின. டீ குடிக்கிறவர்கள் யாரும் ஓடவில்லை. அடுத்த தெருக் குழந்தைகளும் வந்துவிட்டன. கூட்டத்தை ஒழுங்குபடுத்தி வரிசையில் விட்டுக்கொண்டே இருந்ததில் நானும் என் பாப்பாவும் கடைசிக்குப் போய்விட்டோம்.

பதினோரு மணி ஆயிற்று. அதிகாரி மைக்கில், இந்தக் கட்டடம் தன் பயன்பாட்டைச் செவ்வனே நிறைவு செய்துவிட்டது என்று அறிவித்தார். ஒயர்மேன் ஃபிரிட்ஜைப் பிடுங்க எழுந்தார். நான் பாப்பாவோடு வாசலை ஒட்டி முன்னேறினேன். கட்டடத்தைக் கைவிடுவது என்றால் வெட்டிய ரிப்பனை மறுபடி கட்டுவதுதானே? அதிகாரி இரண்டு முனையையும் இழுத்துப் பிடித்து ஒரு முடிச்சுப் போட்டார். இரண்டாவது முடிச்சுப் போடுவதற்குள் முதல் முடிச்சு நழுவியது. மறுபடி போட்டார், மறுபடி நழுவியது. பூக்கட்டுகிற எவளுக்கும் தெரியும், நடுவில் ஒரு விரல் வைக்காமல் அது நிற்காது.

“யாராவது ஒரு விரல் வைங்களேன்” என்றார்.

நான் பக்கத்தில்தான் நின்றேன். “வைக்கிறேன் சார். பாப்பாவுக்கு ஊசி போட்டுட்டு வந்து வைக்கிறேன்.”

“மணி ஆயிடுத்தேம்மா.”

“ரெண்டு கையும் பாப்பாவைப் பிடிச்சிருக்கே சார். விரலுக்கு எங்க போவேன்?”

பந்தலில் இருந்த தாய்மார்கள் எல்லாருக்கும் அந்த நேரம் பார்த்து இரண்டு கையும் வேலையாகிவிட்டது. டெனிஸும் மொஹ்சினும்கூட எதையும் தொடக் கூடாது என்ற விதியை நினைவூட்டினார்கள். அதிகாரி ரிப்பனைப் பிடித்தபடியே நின்றார். நான் அவர் கைக்குக் கீழே குனிந்து உள்ளே போனேன். பாப்பாவின் தொடையில் ஊசி ஏறியது. அவள் வீறிட்ட சத்தத்தை மைக் ஊரப்பாக்கம் ஸ்டேஷன் வரைக்கும் கொண்டுபோய்ச் சேர்த்தது. வெளியே வந்து முடிச்சின் மேல் விரல் வைத்தேன். கட்டடம் முறைப்படி கைவிடப்பட்டது. எல்லாரும் கை தட்டினார்கள். டெனிஸும் மொஹ்சினும் டார்ச்சைப் போட்டுக்கொண்டு முதல் பார்வையாளர்களாக உள்ளே குனிந்தார்கள்.

அடுத்த தெருக்காரர்கள் பந்தலிலேயே உட்கார்ந்து, கூரை போட்டும் பூட்டிக் கிடக்கிற தங்கள் பள்ளிக்கூடத்தையும் கைவிட்டுத் தரும்படி மனு எழுத ஆரம்பித்துவிட்டார்கள். அதிகாரி வேர்வையைத் துடைத்துக்கொண்டு என்னிடம் வந்தார். உங்களால்தான் இந்த மாத இலக்கு முடிந்தது, தெருவுக்கு ஏதாவது குறை இருந்தால் கூச்சப்படாமல் கேளுங்கள் என்றார். முன்பென்றால், ஆஸ்பத்திரியைத் திறந்துவிடுங்கள் என்று விவரம் தெரியாமல் கேட்டிருப்பேன்.

அழுது ஓய்ந்த பாப்பாவைத் தோளில் போட்டுக்கொண்டு சொன்னேன்:

“அடுத்த மாசம் மூணாவது ஊசி இருக்கு சார். தயவு பண்ணி இன்னொரு தடவை கைவிடுங்க.”