காற்றில் பறந்த புகார்கள்

வாடிக்கையாளர் புகார்களைக் காற்றில் பறக்கவிடாத நிறுவனம் உலகத்தில் உண்டா என்ன? ஆனால் அதற்கென்றே ஒரு திட்டம் தீட்டி, தகுதி வாய்ந்த விமானிகளை அமர்த்தி, மேகத்துக்கு மேலே கொண்டுபோய் முறைப்படி பறக்கவிட்ட பெருமை ஒரே ஒரு விமான நிறுவனத்தைத்தான் சேரும். அந்த மகத்தான தொண்டில் நம் துணை விமானிக்கும் பங்கு உண்டு.

எல்லாம் நிர்வாக இயக்குநர் ஒரு பயணத்தில் விமானி அறைக்குள் எட்டிப் பார்த்ததில் ஆரம்பித்தது. தானியங்கி கருமமே கண்ணாக விமானத்தை ஓட்டிக்கொண்டிருந்தது. கேப்டன் குறுக்கெழுத்துப் புதிரில் மாட்டிக்கொண்டு முழித்துக்கொண்டிருந்தார். துணை விமானி அவருக்கு ஆரஞ்சு உரித்துக் கொடுத்துக்கொண்டிருந்தார். மறுநாளே அவசரக் கூட்டம் கூடியது.

"விமானம் தானா ஓடுது. அப்ப நீங்க ரெண்டு பேரும் உள்ள என்னதான் பண்றீங்க?" என்றார் இயக்குநர்.

"மேற்பார்வை சார்," என்றார் கேப்டன்.

"மேல இருந்து பாக்கறதெல்லாம் மேற்பார்வைன்னா, ஜன்னலோரத்துப் பயணியும் அதைத்தான்யா பண்றாரு. அவரு டிக்கெட் வாங்கிட்டுப் பாக்கறாரு!"

கூட்டமே கைதட்டியது. அந்தக் கைதட்டலிலேயே 'வான்வழிக் குறைதீர்ப்புத் திட்டம்' பிறந்துவிட்டது. விமானிகள் கைக்கு ஒரு டேப்லெட். நடுவானில் சும்மா இருக்கும் நேரத்தில் வாடிக்கையாளர் புகார்களுக்குப் பதில் எழுத வேண்டும். நிலுவை இல்லாமல் முடிக்கும் துணை விமானிக்குக் கேப்டன் பதவி நிச்சயம்.

துணை விமானி நிமிர்ந்து உட்கார்ந்தார். அவருக்குக் கல்யாணமான நாளிலிருந்து ஒரே குறைதான். 'மாப்பிள்ளை பைலட்' என்று மாமியார் பெருமையாகச் சொன்னால் போதும், சொந்தக்காரர்கள் கேட்பார்கள்: "ஓட்டறவரா? பக்கத்துல உக்காந்து பாக்கறவரா?" மாமியார் பேச்சை மாற்றுவார். மாப்பிள்ளை தட்டைப் பார்ப்பார். அந்த அவமானம் தொலைய இதைவிட நல்ல சந்தர்ப்பம் வருமா?

ஒரு நாள் அந்த மாமியாரே மகளைப் பார்க்க அவருடைய விமானத்தில் ஏறினார். விமானம் மேலே எழும்பி நேரானதும் விமானிகள் இருவரும் டேப்லெட்டில் தலையைக் குனிந்தவர்கள்தான், நிமிரவே இல்லை. காணாமல் போன பெட்டி, ஆறிப்போன காப்பி, சாயாத இருக்கை என்று வந்து குவிந்தன. துணை விமானி வருத்தம் தெரிவித்துக்கொண்டே போனார். அப்படியொரு வேகத்தில் அவர் தன் மனைவியிடம்கூட வருத்தம் தெரிவித்ததில்லை.

"காதுல யாரோ கூப்பிட்டுக்கிட்டே இருக்காங்கப்பா," என்றார் கேப்டன்.

"புகாரா சார்?"

"இல்ல. கட்டுப்பாட்டு அறை."

"அப்ப அவசரமில்ல சார். கழட்டி வெச்சிடுங்க."

கழற்றி வைத்தார்கள். அறையில் நல்ல அமைதி. அப்போது ஒரு புதுப் புகார் வந்தது: 'இறங்க வேண்டிய ஊர் கீழே வந்துவிட்டுப் போயும் விட்டது. விமான நிலையத்தைக் கண்ணால் பார்த்தேன். இப்போது கடல் தெரிகிறது.'

துணை விமானி அசரவில்லை. 'தங்களுக்கு ஏற்பட்ட அனுபவத்துக்கு வருந்துகிறோம். சம்பந்தப்பட்ட துறைக்கு அனுப்பியுள்ளோம்' என்று தட்டி, விமான இயக்கப் பிரிவுக்குத் தள்ளினார். பக்கத்து இருக்கையில் 'டிங்' என்றது.

"இது என் தலைக்கு வந்திருக்கே," என்றார் கேப்டன்.

"நிலுவையில நின்னுடும் சார். 'கூடுதல் விவரம் தேவை'ன்னு போட்டுத் திருப்பி விடுங்க."

திருப்பிவிட்டார். இந்தப் பக்கம் 'டிங்'. இவர் மறுபடி அந்தப் பக்கம் தள்ளினார். ஒரு முழங்கை தூரத்துக்குள் அந்தப் புகார் போய்வந்த நேரத்தில் விமானம் கடலுக்குள் வெகுதூரம் போயிருந்தது. கடைசியில் உள்தொடர்பு போன் அலறியது. பணிப்பெண்ணின் கையிலிருந்து யாரோ அதைப் பிடுங்கும் சத்தம் கேட்டது.

"மாப்பிள்ளை! நாந்தான். எழுதினதும் நாந்தான். என் பொண்ணு அங்க வாசல்ல நின்னுக்கிட்டிருப்பா. நீங்க எங்கள எங்க கூட்டிட்டுப் போறீங்க?"

"அத்தை, உங்க புகார் பரிசீலனையில..."

"பரிசீலனை கிடக்கட்டும். கொஞ்சம் நிமிந்து ஜன்னலப் பாருங்க!"

பார்த்தார். எங்கு திரும்பினாலும் தண்ணீர். டேப்லெட்டைக் கீழே போட்டுவிட்டு, கேப்டனும் அவரும் சேர்ந்து விமானத்தைத் திருப்பிக் கொண்டுவந்து இறக்கினார்கள். நிர்வாகம் மட்டும் இறங்கி வரவில்லை. எத்தனையோ புகார்கள் நடுவானிலேயே நின்றுபோனது எப்படி என்று விசாரணைக் குழு அமைத்தது.

"அந்தம்மா கூப்பிடாம இருந்திருந்தா, எல்லாப் புகாரையும் முடிச்சிருப்பீங்களா?" என்று கேட்டார் குழுத் தலைவர்.

துணை விமானி உண்மையைத்தான் சொன்னார். "முடிச்சிருப்போம் சார். டேங்க்ல இருந்த எரிபொருளையும் முடிச்சிருப்போம்."

குழு முதல் வாக்கியத்தை மட்டும் குறித்துக்கொண்டது. நிலுவைக்குக் காரணம் அவரல்ல, அந்தப் பயணிதான் என்று தீர்மானமாயிற்று. சாட்சியாகத் துணை விமானி ஒரு கையெழுத்துப் போட்டால் கேப்டன் பதவி. பேனாவை எடுத்தார். மாமியார் குரல் காதில் கேட்டது. சொந்தக்காரர்கள் குரல் அதைவிடச் சத்தமாகக் கேட்டது. போட்டுவிட்டார்.

நடவடிக்கைக் கடிதம் வீட்டுக்கே வந்தது. புதுக் கேப்டன் முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியாமல் நிற்க, மாமியார் கண்ணாடியை மாட்டிக்கொண்டு உரக்கப் படித்தார்: 'பணியிலிருந்த ஊழியரின் கவனத்தைத் திசைதிருப்பி, அவரை விமானம் ஓட்டவைத்த குற்றத்துக்காக, இப்பயணி எங்கள் விமானங்களில் ஏற வாழ்நாள் தடை விதிக்கப்படுகிறது.'

மாமியார் கோபப்படவில்லை. கடிதத்தைப் பத்திரமாக மடித்து வைத்துக்கொண்டார்.

"மாப்பிள்ளை, உங்களுக்குப் புண்ணியமாப் போகும். என் பொண்ணுக்கும் பேரப்பிள்ளைங்களுக்கும் இதே மாதிரி ஆளுக்கொண்ணு வாங்கிக் குடுத்துடுங்க."