பெட்டி தூக்க வந்தவர்

"வாங்கிக்கோங்க சித்தப்பா. வேணாம்னா அந்தம்மா மனசு கஷ்டப்படும்" என்று காதோடு சொன்னாள் அண்ணன் மகள்.

பக்கத்து வீட்டுக்காரி நீட்டிய தட்டில் ஒரு கேக் துண்டு. போஸ்ட்மாஸ்டர் வாங்கிக்கொண்டார். அவள் கண்ணைத் துடைக்கத் திரும்பியதும் துண்டு கோட்டுப் பைக்குள் போனது. காலித் தட்டைப் பார்த்தவள், அவள் பாஷையில் ஏதோ இரங்கிச் சொல்லி, இன்னும் இரண்டு வைத்தாள்.

அவையும் பைக்குள் போயின.

கோதுமை ஒரு துளி உள்ளே போனாலும் போதும், போஸ்ட்மாஸ்டரின் குடல் அவரை இரண்டு நாளைக்குக் கழிப்பறையில் உட்கார்த்தி வைத்துவிடும். மனைவி கட்டிக்கொடுத்த அரிசிமாவை விமான நிலையத்து அதிகாரி மோந்து பார்த்துக் குப்பையில் போட்டுவிட்டார். தூக்கத்திலேயே மாரடைப்பில் போன அண்ணனைப் பார்க்க வெளிநாட்டுக்குக் கிளம்பி வந்து, சாப்பிட்டு முப்பது மணி நேரமாகிறது.

மாடியறைக்குப் போய் மனைவிக்கு ஃபோன் போட்டார்.

"வாயைத் திறந்து சொல்லித் தொலைங்களேன்."

"யார்கிட்ட? அண்ணி ஊசி போட்டுத் தூங்குறாங்க. முழிச்சா அழுறாங்க. ஆறு வருஷம் அண்ணன்கூடப் பேசாம இருந்துட்டு, செத்தப்புறம் வந்து, எனக்குத் தனியா உலை வைங்கன்னு கேக்கச் சொல்றியா?"

"அப்ப பட்டினி கிடங்க."

"நாளைக்குக் காலையில அண்ணனோட சவப்பெட்டியைத் தூக்கணும்டி. நாலு பேர்ல நான் ஒருத்தன். தின்னா பாத்ரூம். தின்னலைன்னா பெட்டியோட குப்புற."

"ரெண்டுல எது கௌரவம்னு நீங்களே முடிவு பண்ணுங்க."

தெருமுனைக் கடைக்கு நடந்தார். வீட்டு வைஃபையை விட்டு வெளியே வந்ததும் ஃபோன் ஊமையாகிவிட்டது. முப்பது வருஷம் கிறுக்கல் விலாசங்களைப் படித்த கண்ணுக்கு அந்த ஊர் எழுத்து ஒன்றும் பிடிபடவில்லை. கடைசியில் நெற்கதிர் படம் போட்ட பொட்டலம் ஒன்று கிடைத்தது. கும்பிடாத குறையாக வாங்கிக்கொண்டு வந்தார்.

ஹால் நிறைய ஆட்கள். அண்ணன் மகள் பொட்டலத்தைத் திருப்பிப் பார்த்தாள்.

"இது எதுக்கு சித்தப்பா?"

"சும்மா... கொறிக்க."

"இது பூனைக்குப் போடறது."

"அரிசிதானே?"

"அரிசி, கோதுமை, மீன் தலை. எல்லாம் இருக்கு."

அண்ணியின் அக்கா தலையில் அடித்துக்கொண்டாள். "பேசாம இருந்த குத்த உணர்ச்சி. புத்தி பேதலிச்சிடுச்சு. இவரைத் தனியா விடாதீங்க."

விடவில்லை. பக்கத்து வீட்டுக்காரி ஒரு முழுக் கேக்கோடு வந்து, அருகில் உட்கார்ந்து, ஊட்டவே ஆரம்பித்தாள். போஸ்ட்மாஸ்டர் கைக்குட்டையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதார். முதல் ஐந்து நிமிஷம் நடிப்பு. அப்புறம் அண்ணன் முகம் வந்துவிட்டது, நிறுத்த முடியவில்லை.

மத்தியானம், மறுநாள் உடலை வாங்கக் கையெழுத்துப் போட எல்லாரும் ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். அண்ணி மாடியில் தூக்கத்தில் இருந்தாள். போஸ்ட்மாஸ்டர் சமையலறைக்குள் திருடன்போல் நுழைந்து ஃப்ரிட்ஜைத் திறந்தார். துக்கம் விசாரிக்க வந்தவர்கள் கொடுத்த ரொட்டி, கேக், ரொட்டி. அடைசலுக்குப் பின்னால், மேல்தட்டு மூலையில் ஒரு டப்பா. மூடியில் காகிதம் ஒட்டி, அண்ணனின் சாய்ந்த கையெழுத்து:

'கோதுமை சேராதது. யாரும் கை வைக்காதீங்க.'

நின்ற இடத்திலேயே உட்கார்ந்துவிட்டார்.

"உனக்குமா அண்ணே?" என்றார் டப்பாவிடம். "ஒரு ஃபோன் போட்டுச் சொல்லியிருக்கக் கூடாதா? நானாவது போட்டிருக்கலாம்."

பாதி டப்பா சோறும் பயறும் இருந்தது. சில்லென்று அப்படியே அள்ளி அள்ளித் தின்றார். ருசி லேசாகப் புளித்தது. பசிக்கு அது தெரியவில்லை. "செத்தும் சோறு போடறியே" என்று விக்கினார். டப்பாவைச் சோப்புப் போட்டுப் பளிச்சென்று கழுவிக் கவிழ்த்துவைத்தார். கால்களுக்கு உயிர் வந்திருந்தது. நாளைக்குத் தனியாளாகவே பெட்டியைத் தூக்கிவிடலாம் என்று தோன்றியது.

வாசல் கதவு திறந்தது. கையுறை மாட்டிய ஒருவரைக் கூட்டிக்கொண்டு வந்த அண்ணன் மகள், நேராக ஃப்ரிட்ஜைத் திறந்து, மேல்தட்டைத் துழாவினாள்.

"சித்தப்பா, அப்பாவுக்கு மாரடைப்பு இல்லையாம், கடைசியாச் சாப்பிட்டதுதான் விஷமாகிக் கொன்னிருக்காம், அந்த மிச்ச டப்பாவைப் பரிசோதிக்கணுமாம், இங்கதானே வச்சிருந்தேன், பார்த்தீங்களா?"