நுரைக்குள் போன கடிதம்

"அக்கா, மெஷின் நுரை நுரையாத் துப்புது!"

முதலாமாண்டுப் பெண் தட்டிய தட்டில் விடுதி அறைக் கதவு அதிர்ந்தது. உள்ளே இருந்தவள் மூன்றாமாண்டு. இவளுக்காகப் பல்கலைக்கழகம் நியமித்த மாணவ வழிகாட்டி. அப்பாவை இழந்து ஊரிலிருந்து திரும்பிய ஒன்பது நாளாக அவள் வகுப்புக்கும் போகவில்லை. 'வழிகாட்டும் தகுதி எனக்கு இல்லை' என்று எழுதிய விலகல் கடிதம் மேல்சட்டைப் பையில் தயாராக இருந்தது.

"வேற யாரையாவது கூப்பிடு."

"கையேட்டுல போட்டிருக்கேக்கா. வழிகாட்டின்னா கூப்பிட்ட குரலுக்கு வரணுமாம்."

"வேற என்ன போட்டிருக்கு?"

"வந்து பார்த்துட்டுத் திட்டக் கூடாதாம்."

சலவை அறையில் கணுக்கால் அளவு நுரை நின்றது.

"எவ்வளவு தூள் போட்டே?"

"நாலு டம்ளர்."

"அடிப்பாவி!"

வழிகாட்டி ஒரு பொத்தானை அழுத்தினாள். மெஷின் இன்னும் வேகமாகச் சுற்றியது. அடுத்ததை அழுத்தினாள். மூடி திறந்து, நுரை அவள் மேலெல்லாம் தெறித்தது.

"சட்டையைக் குடுங்கக்கா, இதோட சேர்த்து அலசிடலாம்."

கொடுத்தாள். உள்ளே போட்டு மூடிய பிறகுதான் கடிதத்தின் ஞாபகம் வந்தது. மூடி இப்போது திறக்க மறுத்தது.

"உங்களுக்கும் இதை ஓட்டத் தெரியாதாக்கா?"

"லீவுக்கு மூட்டை கட்டி வீட்டுக்குக் கொண்டுபோயிடுவேன். அப்பாதான் துவைப்பார்." அவள் குரல் இறங்கியது. "காலுறையெல்லாம் மடிச்சுத் தருவார். ஒருநாளும் ஜோடி சரியா இருக்காது. கேட்டா, 'ரெண்டு காலும் ஒண்ணையொண்ணு பார்க்கவா போகுது?'ம்பார்."

சின்னவள் ஒரு வாளியைக் கவிழ்த்துப் போட்டுப் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தாள். ஒன்பது நாளில் முதல் தடவையாக வழிகாட்டி வாய்விட்டு அழுதாள். நடுவில் சிரிக்கவும் சிரித்தாள்.

மெஷின் நின்றது. பையிலிருந்து கடிதம் கூழாக வந்தது.

"முக்கியமான காகிதமாக்கா?"

வழிகாட்டி அதை உருட்டிக் குப்பைக் கூடையில் போட்டாள். "இல்ல. நீ போய்த் துடைப்பம் கொண்டா."

அவள் ஓடியதும் விடுதியைப் பெருக்கும் அம்மா வந்து எட்டிப் பார்த்தாள். "என்னம்மா இது வெள்ளம்?"

"திட்டாதீங்கம்மா. பாவம், அந்தப் பொண்ணுக்கு மெஷினே பழக்கமில்ல. நாளைக்கு நானே கத்துக்கிட்டு அவளுக்குச் சொல்லித் தரேன்."

"யாருக்கு, அவளுக்கா? அவங்க வீட்டுல சலவைக் கடைம்மா! முந்தாநாள் இந்த மெஷின் படுத்துக்கிட்டப்போ, பிரிச்சு மாட்டி ஓட வச்சதே அவதானே!"