இருபத்தெட்டில் நிற்கும் முள்

துடியலூர்,
22.12.1995, வெள்ளிக்கிழமை

மதிப்புக்கும் மரியாதைக்கும் உரிய மச்சான் கொடுமுடி காளிச்சாமி அவர்களுக்கு, தங்கள் தங்கை செல்லாத்தாளைக் கட்டி இருபத்தாறு வருஷமாகத் தங்கள் சொல்லுக்கு மறுசொல் பேசாத அரங்கசாமி கைகூப்பி எழுதிக்கொண்டது. காவிரித் தண்ணீரும் மஞ்சள் காடும் தங்கள் குடும்பத்தைக் குறைவில்லாமல் வைத்திருக்கும் என்று நம்புகிறேன். இங்கே நான், செல்லாத்தாள், மகள் கோகிலவாணி மூவரும் சுகம். தாங்கள் கொடுத்த கார் மட்டும் சுகமில்லை. இனி எழுதப்போவது முழுக்க அதைப் பற்றித்தான். ஆகவே உட்கார்ந்துகொண்டு படிக்கவும்.

சித்திரை மாதம் தாங்கள் புது வண்டி எடுத்ததும், இந்தப் பழைய வெள்ளைக் காரின் சாவியை வெற்றிலை பாக்கோடு தாம்பாளத்தில் வைத்து என் கையில் கொடுத்தீர்கள். அப்போது சொன்ன வார்த்தை எனக்கு அப்படியே நினைவிருக்கிறது. “எஞ்சின் கல்லு மாதிரி இருக்குதுங்க மாப்பிள்ளை. ஓடறப்ப ஆயில் பிரஷர் நாப்பது பவுண்டுக்குக் கொறயாதுங்க” என்றீர்கள். அதேபோல ஆறு மாதம், எண்ணெய் அழுத்தம் காட்டும் கேஜில் முள் நாற்பதில் நின்றது. பம்பு கம்பெனி டெஸ்டிங் செக்‌ஷனில் முப்பத்தொரு வருஷம் முள்ளைப் பார்த்தே கண்ணாடி போட்டவன் நான். மனிதன் பொய் சொல்லுவான், மெக்கானிக் பொய் சொல்லுவான், கேஜ் பொய் சொல்லாது என்று என்னிடம் வேலை கற்றவர்களுக்கெல்லாம் சொல்லிக்கொடுத்தவன். அப்படிப்பட்டவன் வீட்டில் வந்து இப்படி நடக்கிறது.

ஆயுத பூசையன்று காருக்கு மாலை போட்டு, சக்கரங்களுக்கு எலுமிச்சம்பழம் வைத்து, திருஷ்டிப் பூசணிக்காயை நானே ஓங்கி உடைத்தேன். இந்த வயதிலும் என் கையில் அவ்வளவு பலம் இருக்கிறது என்று எனக்கே தெரியாது. ஒரு பெரிய துண்டு எகிறி, திறந்திருந்த கதவு வழியாக உள்ளே போய், ஸ்டியரிங் பக்கத்தில் இருந்த ஆயில் கேஜின் கண்ணாடியை உடைத்து முள்ளையும் வளைத்துவிட்டது. நல்லவேளையாக என்னிடம் முன்பு வேலை பார்த்த சென்னகிருஷ்ணன் அன்றைக்குப் பொரி கடலை சாப்பிட வந்திருந்தான். இப்போது கணபதியில் சொந்தமாகப் பம்பு பட்டறை வைத்திருக்கிறான். “இதுக்கு ஏனுங்க கவலைப்படறீங்க?” என்று ஓடிப்போய், பட்டறையிலிருந்து பித்தளையில் பளபளவென்று ஒரு கேஜ் கொண்டுவந்து, அரை மணி நேரத்தில் மாட்டிக் கொடுத்துவிட்டான். அவன் ஸ்பேனரைக் கீழே வைக்கவில்லை, அதற்குள் செல்லாத்தாள் புதுச் சாமானுக்குப் பூசை ஆகவில்லையே என்று சந்தனத்தைக் குழைத்து, கேஜ் கண்ணாடியின் நடுவில் ஒரு ரூபாய் அகலத்துக்குப் பொட்டு வைத்து, அதன்மேல் குங்குமமும் வைத்துவிட்டாள். முள்ளும் எண்களும் நன்றாகத் தெரிந்ததால் நானும் அப்படியே விட்டுவிட்டேன்.

மறுநாள் காரமடை ரங்கநாதர் கோயிலுக்குக் கிளம்பினோம். பெரியநாயக்கன்பாளையம் தாண்டும்போது முள்ளைப் பார்த்தேன் மச்சான். இருபத்தெட்டு! வண்டியை ஓரமாக நிறுத்தினேன். சும்மா ஓடவிட்டுப் பார்த்தால் பத்து. எஞ்சினை ஆறவைத்து ஓட்டினேன், திரும்பவும் இருபத்தெட்டு. இப்படி ஒரு கிலோமீட்டருக்கு ஒரு தடவை நிறுத்தி நிறுத்தி ஆறவைத்ததில், தங்கள் தங்கை பட்டுச்சேலையும் தேங்காய்த் தட்டுமாக ரோட்டோரத்தில் எட்டு இடத்தில் நின்றாள். எட்டாவது இடத்தில் ஒரு டவுன்பஸ் கண்டக்டர் தானாகவே பஸ்ஸை நிறுத்தி, “அம்மணி, கோயிலுக்குங்களா? ஏறிக்குங்க” என்றார். ஏறிப் போய்விட்டாள். நான் காரமடை போய்ச் சேர்ந்தபோது நடை சாத்தியிருந்தது.

காரைக் கோட்டைமேட்டு மெக்கானிக் மைதீன் பிச்சையிடம் கொண்டுபோனேன். அவர் நாற்பது வருஷ அனுபவஸ்தர். ஸ்க்ரூ டிரைவரின் ஒரு முனையை எஞ்சினிலும் மறு முனையைக் காதிலும் வைத்துக் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். “எஞ்சின் வெண்ணெயாட்ட ஓடுதுங்ணா. எதுக்கும் கேஜைப் பாத்தரலாமுங்க” என்று அதன்மேல் குனிந்தவர், பொட்டைப் பார்த்ததும் நீட்டிய கையை இழுத்துக்கொண்டார். எனக்குச் சுருக்கென்று கோபம் வந்துவிட்டது. கேஜைச் சந்தேகப்படுவதா, அதுவும் என்னிடமா? அங்கேயே அதைக் கழற்றி, பொட்டு கலையாமல் துண்டில் சுற்றி, சென்னகிருஷ்ணன் பட்டறைக்கு எடுத்துப்போனேன். டெஸ்டிங் மேசையில் இருந்த கேஜையும் இதையும் ஒரே குழாயில் மாட்டிப் பம்பை ஓட்டினோம். அதில் பத்து, இதில் பத்து. அதில் இருபத்தெட்டு, இதில் இருபத்தெட்டு. மயிரிழை வித்தியாசமில்லை. “சரியாக் காட்டுதாடா?” என்றேன். “சரியாத்தானுங்க காட்டுது” என்றான். திரும்பி வந்து மைதீன் பிச்சையிடம், “எஞ்சினைத் திறங்க” என்றேன்.

திறந்தார். அடியில் எண்ணெய்த் தொட்டியைக் கழற்றி, பேரிங்குகளை ஒவ்வொன்றாக வெளிச்சத்தில் காட்டினார். புதுசு போல இருந்தன. ஆயில் பம்பைப் பிரித்தார், பழுதில்லை. திரும்ப மாட்டி ஓட்டினால் இருபத்தெட்டு. ஒரு வாரம் கழித்து மறுபடி திறக்கச் சொன்னேன். அழுத்தத்தைக் கட்டுப்படுத்தும் வால்வின் ஸ்பிரிங்கை எடுத்துத் துடைத்துக் காட்டி, “இத என்ற கலியாணத்துக்கே தாம்பாளத்துல வெச்சிருந்திருக்கலாமுங்ணா, அத்தனை சுத்தமா இருக்குது” என்றார். இருபத்தெட்டு. மூன்றாவது தடவை போனபோது என் தலையைக் கண்டதும் அவர் கடைக்குள் போய்த் தொழ ஆரம்பித்துவிட்டார். அது தொழுகை நேரமா என்று எனக்குத் தெரியாது.

சரி, நாமே பார்ப்போம் என்று இருப்பதிலேயே கெட்டியான ஆயிலை வாங்கி ஊற்றினேன். இந்த மார்கழிக் குளிரில் அது உள்ளே அல்வாவாக இறுகிவிட்டது. காலையில் செல்ஃப் எடுக்காது. அக்கம்பக்கத்தாரைக் கூப்பிட்டுத் தள்ளச் சொன்னேன். முதல் நாள் ஆறு பேர் வந்தார்கள். இரண்டாம் நாள் மூன்று பேர். மூன்றாம் நாளிலிருந்து எங்கள் வீதியில் எல்லாரும் கொல்லைக் கதவு வழியாக வேலைக்குப் போகிறார்கள். எதிர்வீட்டு வரதராஜுலு ஒரு நாள் கொல்லைச் சுவர் ஏறிக் குதித்ததை நானே பார்த்தேன். அவருக்கு என் வயது.

வண்டி ஓட்டும்போது நான் ரோட்டைப் பார்க்க வேண்டும், முள்ளையும் பார்க்க வேண்டும். அதனால் முள்ளைப் பார்த்துச் சொல்லும் வேலையைச் செல்லாத்தாளுக்குக் கொடுத்தேன். “இருவத்தெட்டுங்க... இருவத்தேழுங்க... இருவத்தெட்டுங்க...” என்று சொல்லிக்கொண்டே வந்தவள் கவுண்டம்பாளையத்தில் தூங்கிப்போனாள். தூக்கத்திலும் “இருவத்தெட்டுங்க” என்றாள். ராத்திரி வீட்டில் படுத்தும் அதையே சொல்கிறாள். கோகிலவாணியைப் பின்சீட்டில் உட்காரவைத்து நோட்டில் எழுதச் சொன்னேன். இரண்டு பக்கம் எழுதினாள். மூன்றாம் பக்கத்தில் “அப்பாவுக்கு என்ன ஆச்சு?” என்று எழுதியிருந்தாள்.

போன மாதம் தங்கள் மகன் தம்பி மகுடேஸ்வரன் வந்தான். உரிமைக்காரன், வரப்போகிற மருமகன் என்று காரிலேயே கூட்டிப்போய்க் காட்டினேன். கொஞ்ச நேரம் கேட்டுக்கொண்டு வந்துவிட்டு, “மாமா, எஞ்சின் நல்லாத்தானுங்க இருக்குது. கேஜுலதான் ஏதோ ஏமாத்தம் இருக்குமுங்க” என்றான். எங்கே, யாரிடம் என்ன பேச்சு மச்சான்! அப்போதுதான் எனக்குப் பொறி தட்டியது. அப்பன் கொடுத்த வண்டியில் கோளாறு, மகன் கேஜைக் குற்றம் சொல்கிறான். இரண்டையும் கூட்டிப் பார்த்தேன். தேய்ந்த எஞ்சினுக்குத் தாங்கள் ஏதோ வைத்தியம் செய்து நாற்பது காட்டவைத்து என்னிடம் தள்ளியிருக்கிறீர்கள். அந்த வைத்தியம் ஆறு மாதம் தாங்கி, சரியாக ஆயுத பூசையோடு தீர்ந்துபோயிருக்கிறது. மெக்கானிக்கையே இரண்டு தடவை ஏமாற்றிய வைத்தியம், லேசுப்பட்டதாக இருக்காது.

ஆகவே மனதைக் கல்லாக்கிக்கொண்டு எழுதுகிறேன். எஞ்சினிலேயே ஒளிவுமறைவு என்றால் வீட்டில் எப்படிப் பெண் கொடுப்பது? தை பத்தாம் தேதி கோகிலவாணியைக் கேட்டு உறுதி செய்யத் தட்டோடு வருவதாக இருந்தீர்களே, வர வேண்டாம். ஆயில் பிரஷருக்கு எழுத்து மூலமாக விளக்கம் வரும்வரை இந்தப் பேச்சை நிறுத்தி வைக்கிறேன். இதைச் சொன்ன நாளிலிருந்து கோகிலவாணி என்னோடு பேசவில்லை. சாப்பாட்டுத் தட்டை மட்டும் என் முன்னால் டொப்பென்று வைத்துவிட்டுப் போகிறாள். அவளுக்கு அவனைப் பிடித்திருக்கிறது. சொல்லப்போனால் எனக்கும் பிடித்திருக்கிறது, அதுதான் வயிற்றெரிச்சல். ஆனால் முள் இருபத்தெட்டில் நிற்கும்போது நான் என்ன செய்ய முடியும்?

இதை எழுதிக்கொண்டிருக்கும்போதே செல்லாத்தாள் வாசலில் ஒரு வாளித் தண்ணீரோடு காருக்குள் ஏறி உட்கார்ந்து, ஈரத்துணியால் எதையோ தேய் தேய் என்று தேய்த்துக்கொண்டிருக்கிறாள். வாராவாரம் வெள்ளிக்கிழமை பழைய பொட்டுமேலேயே புதுப் பொட்டு வைக்கிறவள், இன்றைக்கு, “என்ற அண்ணன் குடுத்த வண்டி மோசம்னா அதுக்கு எதுக்குங்க சந்தனம்? தொடச்சுப் போடறேன்” என்று கத்துகிறாள். துடைக்கட்டும். நான் பேனாவைக் கீழே வைக்கப்போவதில்லை.

பெரியவர்களுக்கு என் வணக்கம். அக்காவுக்கு என் அன்பு. தோட்டத்தில் வேலை செய்யும் தெய்வாத்தாளுக்கும் என் விசாரிப்பு. தம்பி மகுடேஸ்வரனுக்கு ஆசி சொல்வதா வேண்டாமா என்பதைத் தங்கள் பதிலைப் பார்த்துவிட்டு முடிவு செய்கிறேன்.

இப்படிக்கு,
மனம் நொந்த
ஆ. அரங்கசாமி

பின்குறிப்பு: மச்சான், மேலே இருக்கிறதை எல்லாம் படிச்சுட்டீங்களா? மறந்துபோடுங்க.

கையெழுத்துப் போட்ட பிறகு, இன்றைய தேதிக்கு முள் என்ன காட்டுகிறது என்று சாட்சியாக எழுதலாமே என்று காருக்குப் போனேன். கேஜ் கண்ணாடி பளிச்சென்று இருந்தது. பூசையன்று வைத்ததும் சேர்த்துப் பன்னிரண்டு அடுக்குச் சந்தனமும் போயிருந்தது. அது இருந்த இடத்தில் பொடி எழுத்தில் இங்கிலீஷில் என்னவோ அச்சடித்திருந்தது. என் மூக்குக் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு படித்தேன். ‘மீட்டர்’ என்று இருந்தது. பவுண்டு இல்லை மச்சான், மீட்டர்! பம்பு எத்தனை மீட்டர் உயரத்துக்குத் தண்ணீர் தள்ளும் என்று காட்டுகிற கேஜ். முப்பத்தொரு வருஷம் நான் தினமும் முகத்தில் விழித்த அதே கேஜ். அந்த மீட்டரைப் பவுண்டாக்க ஒன்று புள்ளி நாலு ரெண்டால் பெருக்க வேண்டும். தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்லுவேன். முழித்திருக்கும்போது யாரும் கேட்கவில்லை. நின்ற இடத்திலேயே இருபத்தெட்டைப் பெருக்கினேன். முப்பத்தொன்பதே முக்கால். மீதிக் கால் பவுண்டு நான் பார்த்த கோணத்தில் போயிருக்கும்.

எதிர்க்கடைப் போனில் சென்னகிருஷ்ணனைப் பிடித்தேன். “மீட்டருதானுங்க. பம்பு பட்டறையில வேற என்னங்க இருக்கும்? முள்ளப் பாத்தே தலை நரைச்சவரு நீங்க, உங்களுக்குப் போயி நான் சொன்னா மரியாதையா இருக்குங்களா?” என்றான். அதே போனில் மைதீன் பிச்சையும், “பொட்டுக்கு அடியில எழுத்து இருக்குதுன்னு அன்னைக்கே பாத்தேனுங்ணா. சாமி காரியம், நான் எப்படிக் கை வெக்கிறது?” என்கிறார். எல்லாருக்கும் என்மேல் அவ்வளவு மரியாதை. அந்த மரியாதையில்தான் நான் கெட்டேன். தம்பி மகுடேஸ்வரன் ஒருத்தன்தான் மரியாதை பார்க்காமல் உள்ளதைச் சொன்னான். இப்படி ஒரு மருமகன் எனக்கு எங்கே கிடைப்பான்?

இந்தக் கடிதத்தைக் கிழிக்கப் போனேன். செல்லாத்தாள் கையைப் பிடித்துவிட்டாள். “கிழிச்சீங்கன்னா இப்பவே கொடுமுடிக்கு பஸ் ஏறிருவேன். அப்படியே போடுங்க, என்ற அண்ணன் படிச்சுப் போட்டுச் சிரிக்கட்டும்” என்கிறாள். கோகிலவாணி இப்போதுதான் பேசினாள். “சிரிச்சது போதுமுங்கப்பா, தபால் எடுக்கற நேரம் ஆச்சு” என்றாள். சிரித்துக்கொண்டிருந்தது அவள்தான், நான் இல்லை. மன்னிச்சுப்போடுங்க மச்சான். எஞ்சின் கல்லு மாதிரிதானுங்க இருக்குது. தை பத்தாம் தேதி தட்டோட வந்து சேருங்க. உங்க புது வண்டி அங்கயே நிக்கட்டும், ரயில்லயே வாங்க. அதே காரிலே கோயமுத்தூர் ஸ்டேஷனுக்கு நானே வாரேன், வழியில் எங்கேயும் நிறுத்த மாட்டேன்.

இன்றைக்குக் கேஜுக்கு வைக்கக் குழைத்த சந்தனம் வீணாகக்கூடாது என்று செல்லாத்தாள் அதை என் மூக்குக் கண்ணாடியின் இடது பக்கத்தில் அப்பிவிட்டாள். “கோளாறு இங்கதானுங்க இருந்துச்சு, பொட்டும் இங்கயே இருக்கட்டும்” என்கிறாள். அடுத்த வெள்ளி வரைக்கும் துடைக்கக்கூடாதாம். ஒற்றைக் கண்ணால்தான் இதை எழுதுகிறேன், வரி கோணலாக இருந்தால் பொறுத்துக்கொள்ளவும். தேதி மட்டும் கோணல் இல்லை. கோகிலவாணி ஒரு தடவைக்கு நாலு தடவை சரிபார்த்துவிட்டாள். தை பத்து.