மாமாவின் காருக்கு நான் வைத்த சீர்

என் அக்கா வீட்டுக்காரரின் காரைக் கெடுத்தது நான்தான். தெரியாமல்தான் கெடுத்தேன். ஆனால் அது மக்கர் பண்ணுகிறது என்ற செய்தி வந்தபோது என் மனசுக்குள் ஒரு குத்தாட்டமே நடந்தது என்பதையும் ஒப்புக்கொண்டுவிடுகிறேன். (பாதி உண்மை எழுதினால் மீதியை அக்கா குடும்ப வாட்ஸப் குழுவில் போட்டுவிடுவாள்.)

செல்வம் மாமா ஐ.டி.ஐ. படித்தவர், காக்களூரில் ஃபிட்டர். நான் பி.இ. மெக்கானிக்கல், கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் பயிற்சிப் பொறியாளர். அரியர் மூன்றை மறந்துவிட்டால் முதல் வகுப்பு. எங்கள் வீட்டில் டர்போ என்ற சொல்லை முதலில் உச்சரித்தவனே நான்தான். சாப்பாட்டு நேரத்தில் அம்மாவுக்கு இன்டர்கூலர் வரை பாடம் எடுத்திருக்கிறேன். கடைசியில் அந்த டர்போ வைத்த கார், சிவப்பு நிறத்தில், கடம்பத்தூரில் மாமா வீட்டு வாசலில் போய் நின்றது. நான் பெண் பார்த்துவைத்திருக்க, அவர் தாலி கட்டியதுபோல் இருந்தது எனக்கு.

அம்மா வேறு எரிகிற அடுப்பில் எண்ணெய் ஊற்றினாள்.

"மாப்ள காருல ஒக்காந்தா அலுங்காம போவுதுடா பிரபு. உன் வண்டில ஏறுனா எறங்கசொல்ல இடுப்பு எங்க கீதுன்னு தேட வேண்டிதா கீது."

புது வண்டிக்குப் பூஜை போடும்போது பெண்ணின் தம்பி ஏதாவது சீர் வைக்க வேண்டும் என்பது எங்கள் வீட்டு வழக்கம். மனசில்லாமல் கடைக்குப் போனவன் கண்ணில் பட்டது, சாவி போட்டுப் பூட்டுகிற பெட்ரோல் டேங்க் மூடி. வெள்ளிபோல் பளபளத்தது. "எந்த வண்டிக்கும் சேரும் தம்பி" என்றார் கடைக்காரர். சேர்ந்தது. மாமா காரோடு வந்த மூடியைக் கழற்றி வீட்டு அலமாரியில் வைத்துவிட்டு, என் மூடிக்குச் சந்தனம், குங்குமம் எல்லாம் வைத்து, "மச்சான் சீரு. இந்த வண்டி கீற வரைக்கும் இத்தக் கழட்ட மாட்டேன்" என்று ஊரைக் கூட்டிச் சொன்னார்.

அடுத்த மாதமே கார் திணற ஆரம்பித்தது. ஊருக்குள் ஓட்டினால் ஒன்றும் இல்லை. முப்பது, நாற்பது கிலோமீட்டர் போனால் இழுவை குறையும், குலுங்கும், நின்றேபோகும். ஓரம்கட்டி டீ குடித்துவிட்டு வந்தால் மறுபடி ஓடும். சர்வீஸ் சென்டரில் தெருவை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு, "வண்டி நல்லாத்தான் கீது" என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள்.

மாமா என்னைக் கூப்பிட்டார். நான் காத்திருந்த நாள் வந்தது.

காரின் கம்ப்யூட்டரோடு செல்போனை இணைக்கிற சின்னக் கருவி ஒன்றை நண்பனிடம் வாங்கிக்கொண்டு போனேன். நெடுஞ்சாலையில் ஓட்டிப் பார்த்தால், போகப் போக எரிபொருள் அழுத்தம் இறங்கிக்கொண்டே வந்தது. "டர்போ காத்த ஊதித் தள்ளும் மாமா. அதுக்கு ஈடா பெட்ரோலு வரணும். உங்க பம்ப்பால முடியல. இப்புடியே உட்டா டர்போவும் பூடும்" என்று டாக்டர் குரலில் சொன்னேன். மாமாவின் முகம் சுருங்கியது. என் முகத்தை நான் படாதபாடு பட்டுச் சுருக்கிக்கொண்டேன்.

அத்தோடு விட்டேனா? எங்கள் கம்பெனியில் இயந்திரம் நின்றால் 'ஏன்' என்று ஐந்து முறை கேட்டுத் தாளில் எழுத வேண்டும். மாமாவுக்கும் எழுதிக் கொடுத்தேன். ஐந்தாவது ஏனுக்கு நான் எழுதிய பதில்: 'வண்டி வாங்கியவருக்குத் தொழில்நுட்ப அறிவு போதாமை.' மாமா அதை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, "வளகாப்பு முடியட்டும் மச்சான், பம்ப்ப மாத்திடலாம்" என்றார்.

அக்காவுக்கு ஏழாம் மாத வளைகாப்பு, ஒரு ஞாயிற்றுக்கிழமை கடம்பத்தூரில் நடந்தது. அன்றே அவளைத் தாய்வீட்டுக்கு, அதாவது கும்மிடிப்பூண்டிக்கு, அழைத்துவர வேண்டும். நாலரைக்கு ராகுகாலம். அதற்குள் வாசற்படி ஏறியாக வேண்டும் என்று, ஆரத்தியோடு காத்திருப்பதற்காகவே முன்னால் கிளம்பிப் போன அம்மா எங்களிடம் மூன்று முறை சத்தியம் வாங்கியிருந்தாள்.

இரண்டரைக்குக் கிளம்பினோம். பின்சீட்டில் இரண்டு கை நிறைய வளையலோடு அக்கா. முன்சீட்டில் செல்போனும் கையுமாக நான், கிரிக்கெட் வர்ணனைபோல்: "எறங்குது மாமா... இன்னும் எறங்குது..."

"நீ எறங்குடா மொதல்ல" என்றாள் அக்கா.

பெரியபாளையம் தாண்டி ஆரணி நெருங்கும்போது கார் இரண்டு முறை விக்கிவிட்டு நின்றது. மணி மூன்று நாற்பது. நான் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு பானெட்டைத் திறந்து, தெரிந்த ஒயரையெல்லாம் தொட்டுப் பார்த்தேன். (தெரிந்தவை இரண்டு.) அம்மா போன்மேல் போன்.

"ஆறு மணி வரிக்கும் ரோட்லயே குந்த வெச்சிடுவ போல! நீயெல்லாம் இன்னாத்த படிச்ச?" என்றாள் அக்கா. அவள் கண் கலங்கியிருந்தது. முதல்முறையாக என் குத்தாட்டம் நின்றது.

கொஞ்ச தூரத்தில் பெட்ரோல் பங்க் தெரிந்தது. "எதுக்கும் கொஞ்சம் பெட்ரோல் ஊத்திப் பாக்கலாமா மச்சான்?" என்றார் மாமா.

"பெட்ரோல் இல்லாம நிக்கல மாமா. இது பம்ப்பு" என்று சலித்துக்கொண்டே அவரோடு சேர்ந்து தள்ளினேன்.

பங்க்கில் வேலை செய்யும் பெண் சாவியை வாங்கி மூடியைத் திறந்ததும், உஸ்ஸ்ஸ் என்று ஒரு நீண்ட சத்தம். காற்று உள்ளே போகிற சத்தம்.

"இன்னாண்ணே, டாங்கி மூச்சு உடாம கெடந்துகீது?" என்றாள் அந்தப் பெண்.

பெட்ரோல் ஊற்றும் முன்பே மாமா வண்டிச் சாவியைத் திருப்பிப் பார்த்தார். கார் சட்டென்று பிடித்துக்கொண்டது.

எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது. பெட்ரோல் குறையக் குறைய, அந்த இடத்துக்குக் காற்று உள்ளே போக வேண்டும். என் பளபளா மூடியில் அதற்கு வழியே இல்லை. டேங்க் பெட்ரோலை உள்ளுக்குள்ளேயே இழுத்துப் பிடித்திருக்கிறது. பம்ப் பாவம், இத்தனை நாளும் மல்லுக்கட்டியிருக்கிறது.

வேறு யாருக்கும் விளங்கவில்லை. மாமா என் மூடியைத் துணியால் துடைத்துப் பத்திரமாகப் பூட்டப் போனார். வாயை மூடிக்கொண்டிருந்தால் என் பட்டம் பிழைக்கும், கார் வழியில் மறுபடி நிற்கும். அக்கா வயிற்றைப் பிடித்துக்கொண்டு கடிகாரத்தைப் பார்த்தாள்.

"மாமா... பம்ப்பு நல்லாத்தான் கீது. என் மூடிதான் சரியில்ல."

மாமா மூடியைத் திருப்பிப் பார்த்தார், காற்றுப் போக ஒரு ஓட்டைகூட இல்லை.

பழைய மூடி கடம்பத்தூர் அலமாரியில், திறந்தே விட்டால் பெட்ரோல் சிந்தும். அதனால் ஐந்து கிலோமீட்டருக்கு ஒருமுறை மாமா காரை நிறுத்துவார். பட்டு வேட்டியோடு நான் குதித்து ஓடுவேன், மூடியைத் திறப்பேன், உஸ், பூட்டுவேன், ஓடிவந்து ஏறுவேன். கவரைப்பேட்டையில் ஒரு பெரியவர், "அடிக்கடி இன்னாத்தப்பா எட்டிப் பாக்கற, உள்ள ஆள் கீதா?" என்று கேட்டார்.

நாலு இருபத்தாறுக்கு வாசலில் இறங்கினோம். "ஏன் மாப்ள இம்மா நேரம்?" என்று அம்மா ஆரத்தியோடு பாய்ந்தாள்.

"வழியில ரயில்வே கேட்டு போட்டுட்டான் அத்தை" என்றார் மாமா, என்னைப் பார்க்காமலே. (அந்தப் பெருந்தன்மைமீதும் எனக்கு உடனே பொறாமை வந்தது.)

"கேட்டும் இல்ல, ஒண்ணும் இல்ல. உன் புள்ள டாங்கி மூக்கப் பொத்திட்டான்" என்றாள் அக்கா.

பிறந்தது பெண். போன மாதம் அவளுக்குக் காது குத்தினார்கள். தாய்மாமன் மடியில்தான் உட்கார வைக்க வேண்டும். நானே பார்த்து வாங்கிய தோட்டோடு உட்கார்ந்திருந்தேன். ஆசாரி முதல் காதைக் குத்தினார், குழந்தை வீறிட்டாள். மாமா குனிந்து ஆசாரியிடம் சொன்னார்:

"சீக்கிரம் தோட்டப் போட்டுடுங்க ஆசாரி. எங்க மச்சான் ஓட்டயப் பாத்தா சொம்மா இருக்க மாட்டாரு. அடச்சிடுவாரு."

மண்டபமே சிரித்தது. அழுதுகொண்டிருந்த குழந்தைகூட அப்பாவைப் பார்த்துச் சிரித்துவிட்டாள். என் மடியில் உட்கார்ந்துகொண்டு, அவரைப் பார்த்து. நல்ல ஜோக்தான். அதையாவது நான் முதலில் சொல்லியிருக்கலாம்.