இன்னும் இறங்கட்டும்

விலை ஏறுகிறதே என்று புலம்புகிறவர்களை உங்களுக்குத் தெரியும். அவர்கள் எல்லாக் காலத்திலும் இருக்கிறார்கள், அவர்களால் யாருக்கும் ஆபத்தில்லை. நான் சொல்ல வந்தது வேறோர் இனம். விலைவாசி இறங்கும் காலத்தில் மட்டும் வெளியே தலைகாட்டும் இனம். வசதிக்காக இவரை 'இறங்கட்டும்காரர்' என்று அழைப்போம்.

அடையாளம் கண்டுகொள்வது எளிது. கடைக்குள் நுழைந்ததும் பொருளைப் பார்க்க மாட்டார், விலைச்சீட்டைப் பார்ப்பார். பழைய விலையை அடித்துவிட்டுப் பக்கத்தில் புது விலை எழுதியிருந்தால் அவர் முகத்தில் பரவும் பூரிப்பைக் கண்டு, பெட்டியைக் கட்டச் சொல்லிவிடுவார் என்றுதானே நினைப்பீர்கள்? அதுதான் இல்லை. நேற்றுக் குறைந்தது, இன்றும் குறைந்தது, நாளைக்குக் குறையாமல் எங்கே போய்விடும்? வாங்குகிறவன் ஏமாளி, காத்திருக்கிறவன் கெட்டிக்காரன். அவர் கற்ற பொருளாதாரம் மொத்தமும் இவ்வளவுதான்.

எனக்குத் தெரிந்த இறங்கட்டும்காரர் ஒருவர் ரப்பர் கம்பெனியில் சூப்பர்வைசர். வாஷிங் மெஷின் கதவைச் சுற்றித் தண்ணீர் கசியாமல் பிடித்துக்கொள்ளும் வளையம் இருக்கிறது அல்லவா, அதைச் செய்கிற கம்பெனி. வேறெதையும் அது செய்வதில்லை. அவர் வீட்டிலோ வாஷிங் மெஷின் கிடையாது. இருந்தது உயிரை விட்ட நேரத்தில்தான் விலைகள் இறங்க ஆரம்பித்திருந்தன. அன்றிலிருந்து வீட்டுத் துணி முழுவதையும் மனைவி கையால் துவைக்கிறார். இவர் ஞாயிற்றுக்கிழமைதோறும் மெஷின் பார்க்கப் போகிறார்.

போவது மைத்துனர் விற்பனையாளராக இருக்கும் கடைக்கு. ஞாயிறன்று அங்கே நிற்க இடம் இருக்காது. அத்தனை பேரும் அதே இனம். கதவுகளைத் திறந்து மூடுவார்கள், குமிழ்களைத் திருகுவார்கள், ஒருவரையொருவர் நலம் விசாரிப்பார்கள்.

"உங்க ஃப்ரிட்ஜ் எப்படி இருக்கு?"

"போன வாரத்துக்கு இப்ப தேவலை. நல்லா இறங்கியிருக்கு."

காய்ச்சலைப் பற்றிப் பேசுகிறார்களோ என்று புதிதாக வருகிறவர் மிரண்டுபோவார்.

மைத்துனர் தன்னாலான மட்டும் முயல்வார். "மாமா, இதுக்குக் கீழ கம்பெனியே குடுக்காது. இன்னைக்கே எடுத்துட்டுப் போயிடுங்க."

"போன வாரமும் இதையேதானே சொன்ன மச்சான்?"

"போன வாரமும் உண்மையைத்தான் சொன்னேன்."

"உண்மையே ஒரு வாரத்துல இவ்வளவு குறையுதுன்னா, விலை குறையாதா?"

பிறகு மெஷினின் கதவைத் திறந்து, உள்ளே இருக்கும் ரப்பர் வளையத்தைக் கட்டைவிரலால் அழுத்திப் பார்த்து, பக்கத்தில் நிற்பவரிடம் "இது நம்ம கம்பெனி" என்பார். பக்கத்தில் நிற்பவரும் மரியாதையாக ஒருமுறை அழுத்திப் பார்ப்பார். இருவரும் வெறுங்கையோடு வீடு திரும்புவார்கள்.

இந்த இனத்தை வழிக்குக் கொண்டுவர அரசாங்கம் படாத பாடு பட்டது. நாட்டின் தலைமை வங்கி வட்டியைக் குறைத்தது. "இவ்வளவு வேகமா குறைக்கிறாங்கன்னா இன்னும் குறைப்பாங்க" என்று இவர் கடன் விண்ணப்பத்தைத் தள்ளிவைத்தார். எதையாவது வாங்கித் தொலையுங்கள் என்று வீட்டுக்கு வீடு பணம் அனுப்பினார்கள். "கேக்காமலே குடுக்கிறாங்கன்னா நிலைமை ரொம்ப மோசம்" என்று அதை அப்படியே வங்கியில் போட்டு வைத்தார். கடைசியில் தலைமை வங்கியின் தலைவரே தொலைக்காட்சியில் தோன்றி, விலைவாசி கட்டாயம் உயரும், என்னை நம்புங்கள் என்று கெஞ்சாத குறையாகச் சொன்னார். குறையும் என்று சொன்ன காலத்தில் நம்பாத ஜனங்கள், ஏறும் என்று சொன்னபோதும் நம்பவில்லை.

இதற்குள் மைத்துனரை அரைநாள் வேலைக்கு மட்டும் வரச் சொல்லிவிட்டார்கள். கடைக்காரர் புது மெஷின் கேட்பதை நிறுத்தினார், மெஷின் கம்பெனி வளையம் கேட்பதை நிறுத்தியது. ரப்பர் கம்பெனியில் முதலில் ஓவர்டைம் போனது, அடுத்து சனிக்கிழமை போனது, அதற்குப் பிறகு சம்பளத்தில் ஒரு பகுதி போனது. வீட்டுக் கடனின் மாதத் தவணை மட்டும் சொன்ன தேதிக்கு முழுதாக வந்து நின்றது. விலைகள் இறங்கிய காலத்திலும் இறங்கத் தெரியாத பொருள் அது ஒன்றுதான்.

"ஏங்க, உங்க வேலைக்கு ஒண்ணும் ஆயிடாதே?" என்று கேட்டார் மனைவி.

"யாரு கண்டா? ஜனங்க மெஷினே வாங்க மாட்டேங்கறாங்க. என்ன ஜனங்களோ."

 மனைவி கையிலிருந்த துணியைப் பிழிந்தார். பிழிபட்டது கணவரின் சட்டை. வழக்கத்தைவிட நன்றாகவே பிழிபட்டது.

அடுத்த மாதம் வேலை போயிற்று.

அவர் சும்மா இருக்கவில்லை. இன்னொரு தொழிற்சாலைக்குப் போய் மேனேஜர் முன்னால் உட்கார்ந்தார். மேனேஜர் சான்றிதழ்களைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"அனுபவம் நல்லாத்தான் இருக்கு. போன மாசம் வந்தவர் உங்களைவிட அதிகமா கேட்டார். அதுக்கு முந்தின மாசம் வந்தவர் அவரைவிட அதிகம்."

"வேணும்னா நான் இன்னும் கொஞ்சம் குறைச்சுக்கறேன் சார்."

"தெரியும். அதனாலதான் இப்ப எடுக்கல."

வீட்டுக்கு வந்து இதை மனைவியிடம் சொன்னபோது இவருக்குக் கோபம் வந்தது என்றா நினைக்கிறீர்கள்? "அந்த மேனேஜர் விவரமான ஆளு" என்றார். அதில் கொஞ்சம் மரியாதைகூட இருந்தது.

"அவர் வீட்டுலயும் யாரோ ஒருத்தி உக்காந்து துவைச்சிட்டு இருப்பா" என்றார் மனைவி.

நல்லவேளை, நீங்களும் நானும் அப்படி இல்லை. நமக்குப் பொருள் பிடித்தால் வாங்கிவிடுவோம். உங்கள் ஃபோனில், வாங்கும் கூடையில் போட்டுவைத்த செருப்பு ஒன்று இன்னும் கொஞ்சம் தள்ளுபடிக்காகக் கிடந்தால், அது வேறு விஷயம். இந்தப் புத்தகத்தையும் நீங்கள் காசு கொடுத்து வாங்கித்தான் படிக்கிறீர்கள் என்று நம்புகிறேன். பழைய புத்தகக் கடைக்கு வரும்போது எடுத்துக்கொள்ளலாம் என்று புதுப் புத்தகக் கடையில் நின்றபடியே இதுவரை படித்துவிட்டீர்களென்றால், மெதுவாக நிமிர்ந்து பாருங்கள். கல்லாவில் இருப்பவர் வெகுநேரமாக உங்களையே பார்த்துக்கொண்டிருக்கிறார்.